பேசின் பிரிட்ஜில் இறங்கிய மூன்று நாட்கள்

கலை, கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன விஷயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தில் புதிதாக வந்த மாணவர்களை மேடையில் ஏற்றிப் பேசச் சொன்னார்களாம். நீ நம் ஆற்றைப் பற்றிச் சொன்னாயாம். இருளர் என்றால் யார் என்று சொன்னாயாம். பழங்குடிப் பிள்ளைகள் வெளிநாட்டில் அறிவியல் படிக்க நம் அரசாங்கம் தரும் உதவித்தொகையில்தான் நார்வே வரை வந்தேன் என்று சொன்னாயாம். கடைசியில் என்னைப் பற்றியும் பேசியிருக்கிறாய். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது எனக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க என் அப்பா மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு அலுவலக வாசலில் நின்றார், அப்படியும் தரவில்லை, அப்படி நின்ற மனிதரின் மகள் நான் என்று. எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசியை அப்படியே சட்டையில் குத்திவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். "அப்பா இன்னா சொல்றாரு?" என்று நீ கேட்டது படியிறங்கும்போது என் காதில் விழுந்தது.

கண்ணு, அந்தக் கதையை இனி யாரிடமும் சொல்லாதே. அது நடக்கவில்லை.

மறுநாள் சாயங்காலமே உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எட்டு வருஷமாக அவளுக்கும் தெரியாது. ராயபுரத்தில் இறால் உரிக்கும் வேலையிலிருந்து வந்து, கையில் இருந்த வாடைகூடப் போகாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவ கைலதானே சொல்லணும்" என்றாள். போனில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

நான் பிறந்த இடம் உனக்குத் தெரியும். எண்ணூர் முகத்துவாரத்துக்கு அந்தக் கரையில், அலையாத்திச் செடிகளுக்குப் பின்னால் இருக்கிற குடிசைகளில் ஒன்று. என் அப்பாவும் அம்மாவும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, வலை இல்லாமல், வெறும் கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்தார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள், இரண்டு கையும் சேற்றில் இருக்க வேண்டும் என்பதால். அந்தக் குடிசைகளில் பத்தாவது வரை போனவன் நான் ஒருவன்தான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்பதை நான் உன்னிடம் சொன்னதில்லை. என்னிடம் ஆற்றுச் சேறு நாறுகிறது என்றார்கள். தினமும் மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போவேன். பத்தாவது முடித்ததும் ஆற்றைக் கடந்து வந்தவன், திரும்பிப் போய்த் தங்குவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடையில் உதவியாளாகச் சேர்ந்த அன்று, கணக்குப்பிள்ளை சீட்டு எழுதிக்கொண்டே, "நீ இன்னா ஆளுப்பா?" என்று கேட்டார். கேட்டவர் கெட்டவர் இல்லை. எல்லாரிடமும் அப்படித்தான் கேட்பார். அதற்குச் சற்று முன்னால்தான் ஒரு லாரி டிரைவர் எலி பிடிக்கிற ஆட்களைப் பற்றி ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்திருந்தார்கள். நான் வேறு ஒரு சாதியின் பெயரைச் சொன்னேன். ஒரே ஒரு சொல். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் பிளாஸ்கிலிருந்து எனக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். அந்த டீ எவ்வளவு நன்றாக இருந்தது என்று இப்போதும் நினைவிருக்கிறது. அதன் பிறகு திருவொற்றியூரில் வீடு கேட்டுப் போனபோதும் அதே சொல்லைச் சொன்னேன். உன்னைப் பள்ளியில் சேர்க்கும்போது மட்டும் வாய் வரவில்லை. சான்றிதழ் அப்புறம் கொண்டுவருகிறேன் என்றேன். சாதி எழுதும் கட்டம் பன்னிரண்டு வருஷமும் காலியாகவே கிடந்தது.

உனக்கு நாம் யார் என்று தெரியும். என் அப்பா செத்தபோது உன்னை அக்கரைக்குக் கூட்டிப்போனோம், உனக்குப் பத்து வயது. திரும்பி வரும்போது படகில், இதைப் பற்றி ஸ்கூலில் யாரிடமும் பேசாதே என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாய். காரணம் சொல்லாமல் உன் தலையைத் தடவினேன். நீயும் அதன் பிறகு கேட்கவில்லை. நீ கேட்காமல் விட்டதை உன் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சின்னப் பிள்ளைக்கு வெட்கப்படக் கற்றுக்கொடுத்துவிட்டோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

உன் சடங்கு நாளன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். அன்று நீ உள்ளே பட்டுப்புடவையில் மணையில் உட்கார்ந்திருந்தாய். வாசலில் பந்தல். வீட்டுக்காரர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்போது உன் சித்தப்பா கன்னியப்பன் தெருமுனையில் வந்தான். கையில் ஒரு பெரிய பானை, மேலே ஈரத்துணி கட்டியிருந்தது. உனக்காக முந்தின நாள் முழுக்க ஆற்றில் நின்று பிடித்த இறால். இடுப்பில் புது வேட்டி, ஆனால் காலில் செருப்பில்லை, கணுக்கால் வரை சேறு காய்ந்திருந்தது. வீட்டுக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருப்பா இது?" என்று என்னைக் கேட்டார். நான், "எறா விக்கிறவர்" என்று சொன்னேன்.

கண்ணு, அவன் என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம்தான். பிறகு அவன் முகம் மாறியது, ஒரு வியாபாரியின் முகமாகவே மாறிவிட்டது. "ஆமா சார். நல்ல பெரிய எறா சார். வூட்ல குட்த்துட்றேன்" என்றான். என்னைத்தான் சார் என்றான். பானையைப் படியில் வைத்தான். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே போய்விட்டான். நீ சாயங்காலம் வரை, "சித்தப்பா ஏம்ப்பா வரல?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். வேலை இருந்திருக்கும் என்றேன். அந்த இறாலைத்தான் அன்று எல்லாருக்கும் வறுத்துப் போட்டோம். வீட்டுக்காரர் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார். அதன் பிறகு பதினோரு வருஷம் என் தம்பி நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை.

இப்போது அந்த மூன்று நாட்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வந்த அன்று நீ ஓடி வந்தது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. உலோகம் படிக்கும் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்றாய். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. நீ சின்ன வயதில் லீவு நாட்களில் என்னோடு எடை மேடைக்கு வருவாய். கடலோரக் கிடங்குகளில் கிடக்கும் கம்பி மட்டும் ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று டிரைவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்பாய். பழங்குடி மாணவர்களுக்குத் தனியாக இடமும் உதவித்தொகையும் இருக்கிறது, சான்றிதழ் மட்டும் வேண்டும் என்று உன் டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். "நம்ம எஸ்.டி. தானேப்பா?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியை நீ என்னிடம் கேட்டபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாய். ஆமாம் என்றேன். நானே போய் வாங்கி வருகிறேன் என்றும் சொன்னேன். அப்போது போகத்தான் நினைத்தேன், அதை நம்பு.

மறுநாள் காலை திருவொற்றியூரில் ரயில் ஏறினேன். மடியில் நீ அடுக்கிக் கொடுத்த ஃபைல். கோட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தண்டையார்பேட்டையில் இறங்க வேண்டும். வண்டி போகும்போதே எனக்குள் எல்லாம் ஓடிவிட்டது. மனுக் கொடுத்தால் விசாரணைக்கு வருவார்கள். தெருவில் நான்கு பேரைக் கேட்பார்கள். வீட்டுக்காரரைக் கேட்பார்கள். மார்க்கெட்டுக்குத் தெரியும். சொந்தக்காரரைக் காட்டு என்பார்கள், நான் என் தம்பியிடம் போய் நிற்க வேண்டும். தண்டையார்பேட்டையில் வண்டி நின்றது. நான் இறங்கவில்லை. கொருக்குப்பேட்டையும் போயிற்று. பேசின் பிரிட்ஜில் இறங்கி, பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இன்ஜின்கள் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போவதையும் வருவதையும் பார்த்தேன். உன் அம்மா கட்டிக் கொடுத்த தயிர்ச்சோற்றைத் தின்றேன். வீட்டுக்கு வந்து, நாளைக்கு வரச் சொன்னார்கள் என்றேன். இரண்டாம் நாளும் அதே பெஞ்ச். மூன்றாம் நாள் ஒரு போர்ட்டர் வந்து, ஊரிலிருந்து யாராவது வருகிறார்களா என்று விசாரித்தார். ஆமாம் என்றேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். ஆற்றோரத்திலிருந்து வந்தவன் என்பதற்கு என்ன ருசு என்று கேட்கிறார்கள் என்று ஒரு காரணமும் ஜோடித்தேன். நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ அழவில்லை. அடுப்பில் வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு, அகலமான பேசினில் ஊற்றிக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாய். "மூணு நாளா நின்னுகினே இருந்தியேப்பா. கால வை" என்றாய். வைத்தேன். அந்தத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நிமிஷத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். கலந்தாய்வுக்கு இன்னும் நாள் இருந்தது. சொல்லவில்லை.

அதற்கு ஒரு வாரம் கழித்து நீ கலெக்டருக்கு ஒரு மனு எழுதினாய். நோட்டுப் புத்தகத் தாளில் நான்கு பக்கம். தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தாய். 'என் தந்தை தன் கூலியை இழந்து மூன்று நாட்கள் கால்கடுக்க நின்றார். அவர் பொய் சொல்லும் மனிதர் அல்ல' என்று அதில் இருந்தது. நான் அதைத் தபாலில் போடவில்லை. பதில் வருமா வருமா என்று நீ மூன்று மாதம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் அரசாங்கத்தில் நம்மை யார் மதிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாய். நீ யார் மேல் கோபப்பட்டாயோ அவர்கள் நம் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை. அந்த மனு என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்பலாமா என்று யோசித்தேன். பிறகு, அதையும் உன் தலையில் ஏற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இன்ஜினியரிங் போயிற்று. பக்கத்துக் கல்லூரியில் வேதியியல் சேர்ந்தாய். காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு டியூஷன். எம்.எஸ்ஸி. வரை எப்படிப் படித்தாய் என்று எனக்குத் தெரியும், நான் கூடவே இருந்து பார்த்தேன். நீ அதற்குள்ளும் உன் துருவை விடவில்லை. குளியலறையில் பாட்டில் பாட்டிலாகக் கடல் தண்ணீரில் ஆணியைப் போட்டு வைத்து உன் அம்மாவிடம் திட்டு வாங்குவாய். உன் பேராசிரியர்தான் இந்த வெளிநாட்டு உதவித்தொகையைப் பற்றிச் சொன்னார். நாடு முழுவதிலும் கொஞ்சம் பேருக்குத்தான் தருவார்கள், உனக்குக் கிடைக்கும் என்றார். மறுபடியும் அதே சான்றிதழ். இந்த முறை நீ என்னை அனுப்பவில்லை. "நீ போய் மறுபடி நிக்க வேணாம்பா. நானே பாத்துக்குறேன்" என்றாய்.

நீ அலுவலகத்துக்குப் போன அன்று எடை மேடையில் எனக்கு எண் எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு லாரியை இரண்டு முறை எடை போட்டேன். பழைய மனுவைப் பற்றி நீ கேட்பாய், அப்படி ஒன்று வரவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். நீ வந்து, "பழைய ஃபைலே இல்லியாம்ப்பா. தொலைச்சிருப்பாங்க" என்றாய். அப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு தப்பும் செய்யாத அந்த அலுவலகக் குமாஸ்தா இரண்டாவது முறையும் என் பழியைச் சுமந்தார். அவர் உன்னை உட்காரவைத்து, என்னென்ன வேண்டும் என்று பொறுமையாகத் தாளில் எழுதியே கொடுத்திருந்தார். அதில் முதல் வரி, அப்பா வழிச் சொந்தம் ஒருவரின் சான்றிதழ் என்பது.

நான் சித்தப்பாவிடம் போனபோது என்ன நடந்தது என்று நீ இதுவரை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். நீர் வற்றும் நேரம். அவன் ஆற்றுக்கு நடுவில் கழுத்தளவில் நின்றிருந்தான், வாயில் பறிக் கயிறு. என்னைப் பார்த்துவிட்டான், ஆனால் உடனே வரவில்லை. பாதி பறி நிறையும் வரை தடவிக்கொண்டே இருந்தான். பிறகு கரையேறி, பறியை இறக்கி வைத்து, முகத்தை வழித்துக்கொண்டு, "இன்னா சார், இவ்ளோ தூரம்?" என்றான்.

எனக்கு அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. அப்படிக் கூப்பிடாதேடா என்றேன். நீ வைத்த பேர்தானே என்றான். நான் அன்று நடந்ததற்கு ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், அவன் கையைக் காட்டி நிறுத்தினான். எதற்கு வந்தாய், அதைச் சொல் என்றான். உனக்குச் சான்றிதழ் வேண்டும் என்று சொன்னதும் அவன் முகம் இளகியது. "கலைக்கா? கலைக்குன்னா இப்பவே வரேன். என்னாண்ட சர்ட்டிபிகேட் கீது, என் பசங்களுக்கும் கீது" என்றான். வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். "ஆனா ஒண்ணு அண்ணாத்தே. நான் யாருன்னு ஆபீசர் கேப்பாரு. உன் தெருவுல வச்சி கேப்பாரு. அத நீதான் சொல்லணும். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஆனால் நீ அவர் கேட்ட கேள்விகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் படியில் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வாளர் ஃபைலைத் திறந்து, கன்னியப்பனைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார். அவன் சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "என் தம்பி சார். கூடப் பொறந்தவன். நாங்க இருளர்" என்றேன். கத்திச் சொன்னேனோ என்னவோ, எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் திரும்பி உள்ளே போனார். இத்தனை வருஷம் நான் பயந்தது அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

பிறகு அக்கரைக்குப் போனோம். ஆய்வாளர் நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கும் எழுதி நிரப்ப ஒரு தாள் இருந்தது. உங்கள் சாமி எது, மாசி மகத்துக்கு எங்கே போவீர்கள், சாவுக்கு என்ன செய்வீர்கள் என்று உன்னைக் கேட்டார். உனக்கு ஒன்றும் தெரியவில்லை. எதிலும் முதல் மதிப்பெண் எடுக்கிற நீ, உன்னைப் பற்றிய பரீட்சையில் பதில் இல்லாமல் நின்றாய். அப்போதுதான் சித்தப்பா பேசினான். "பாப்பாவுக்கு தெரியாதுங்க. தெரியாதது அது தப்பில்ல. தோ நிக்கிறாரே எங்க அண்ணாத்தே, அவரக் கேளுங்க" என்றான். ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன். கன்னியம்மாளைச் சொன்னேன், மாமல்லபுரம் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகப் புடவையால் தடுப்புக் கட்டித் தங்குவதைச் சொன்னேன், நீர் ஏறும்போது இறால் எந்தப் பக்கம் தலை வைக்கும் என்பதைச் சொன்னேன். அவர் போதும் என்ற பிறகும் நிறுத்த முடியவில்லை. நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய், யாரோ புது மனிதரைப் பார்ப்பதுபோல. உனக்கு இதையெல்லாம் நான் உன் மூன்று வயதிலிருந்து சொல்லியிருக்க வேண்டும்.

சான்றிதழ் கிடைத்தது. நீ விண்ணப்பித்தாய், நேர்முகத் தேர்வுக்குப் போனாய், உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கடிதம் வந்ததும் நீ முதலில் சித்தப்பாவுக்குத்தான் போன் செய்தாய், அதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டு மாதம் கழித்து, மகனுக்குக் கல்யாணம் வருகிறது, வீடு வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னாரே, அந்த மகனுக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை. நாம் எர்ணாவூருக்கு மாறியது அதனால்தான். இங்கே வீடு கேட்டபோது நாங்கள் இருளர் என்று சொல்லித்தான் கேட்டேன். இரண்டு இடத்தில் இல்லை என்றார்கள், மூன்றாவது இடத்தில் சாவியைக் கொடுத்தார்கள். மார்க்கெட்டில் முதலாளியிடமும் சொன்னேன். அதற்கென்ன, எடையைச் சரியாகப் போடு என்றார். கணக்குப்பிள்ளை மட்டும் இப்போது என்னை டீக்குக் கூப்பிடுவதில்லை. நான் கடையில் வாங்கிக் குடிக்கிறேன். கொஞ்ச நாள் வலித்தது, இப்போது இல்லை.

கலை, நான் உனக்குப் புத்தி சொல்லும் இடத்தில் இல்லை. ஆனாலும் அப்பனாகிவிட்டேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே உன்னை யார் என்று கேட்பார்கள். எல்லாருக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை, பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடு. ஆனால் வேறு ஒருத்தியாக மட்டும் பதில் சொல்லாதே. அது முதல் நாள் சுகமாகத்தான் இருக்கும். பிறகு உன் ஆட்களில் யார் எதிரே வந்தாலும் நெஞ்சு படபடக்கும். இன்னொன்று, இந்த உதவித்தொகையை யாரோ போட்ட பிச்சை என்று எவராவது பேசினால் தலை குனியாதே. உனக்கு இது எட்டு வருஷம் முன்னாலேயே வந்திருக்க வேண்டியது. வராமல் தடுத்தவன் நான் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்.

நீ போன பிறகு வீடு எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். உன் அம்மா இன்னும் மூன்று பேருக்குத்தான் அரிசி அளக்கிறாள். குளியலறையில் உன் பாட்டில்கள் அப்படியே இருக்கின்றன, வீடு மாறும்போது நான்தான் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஆணி கரைந்து தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது, கொட்ட மனம் வரவில்லை. விமான நிலையத்தில் சித்தப்பா உன்னைக் கட்டிப்பிடித்து அழுதான், உன் அம்மா அழுதாள். நான் டிராலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ என் தோளில் கை வைத்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்றாய். அந்தக் கை இருந்த இடத்தைச் சில நாள் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். இப்போது மணி நாலு, உனக்கு அங்கே மதியச் சாப்பாட்டு நேரம் இருக்கும். என் போனில் அந்த ஊர் நேரத்தையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். வெயில் வந்ததா, சாப்பிட்டாயா, காலுக்கு நல்ல ஷூ வாங்கினாயா என்று நாள் முழுக்க மனசுக்குள் கேட்டுக்கொண்டே எடை போடுகிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் நீ மன்னித்துவிடுவாய், உன் குணம் அப்படி. அவசரப்பட்டு மன்னிக்காதே. கோபம் எவ்வளவு நாள் இருக்கிறதோ இருக்கட்டும். அடுத்த வருஷம் லீவுக்கு வருவாய் அல்லவா, அப்போது நம் வீட்டுக்கு வரப் பிடிக்காவிட்டால் நேராக அக்கரைக்குப் போய்விடு. சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன், உனக்காக ஒரு அறைக்கு ஓடு மாற்றிக்கொண்டிருக்கிறான். உன் அம்மா அங்கே வந்து உன்னோடு இருப்பாள். நான் இந்தக் கரையில் படகு கட்டும் இடத்துக்கு வந்து நிற்கிறேன். அங்கிருந்து அலையாத்திச் செடிகளின் இடைவெளியில் குடிசை வாசல் நன்றாகத் தெரியும், நீ வெளியே வந்து போவதைப் பார்க்கலாம், எனக்கு அதுவே போதும். எத்தனை நாளானாலும் வந்து நிற்பேன். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கையைக் காட்டு, தண்ணீரில் இறங்கி வந்துவிடுகிறேன்.

உன் அப்பா